குளிக்காமல் போன எட்டு மாதம்

நீங்கள் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள் தம்பி, நான் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அடிக்கடி எழுந்திருப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. உங்கள் மனைவி ஸ்கேனுக்குப் போயிருக்கிறாரா? அப்படியானால் ஒரு மணி நேரம் ஆகும். என் மகள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். பெயர் செம்மலர்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கலாமா? இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். என் வலது கையைப் பாருங்கள். மணிக்கட்டு தொங்குகிறது அல்லவா? தூக்கினாலும் நிற்காது. ஈயம் செய்த வேலை. இந்தக் கையால் எழுதினால் எனக்கே படிக்க வராது. பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்துவிடுவார், அதற்குள் கொடுக்க வேண்டும். மேலே உள்ளதையெல்லாம் செம்மலரே எழுதிவிட்டாள். ஒன்பதாவது கேள்வி மட்டும்தான் பாக்கி. "இத நீதாம்பா சொல்லணும், எனக்கு ஞாபகமில்ல" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படியுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'குடும்பத்தில் யாரேனும் ஈயம் கையாளும் வேலை செய்ததுண்டா? வேலை உடையுடன் வீட்டுக்கு வந்ததுண்டா? எவ்வளவு காலம்?'

முதலாவதற்கு 'உண்டு' என்று எழுதுங்கள். தந்தை, தணிகாசலம், பழைய பேட்டரி உருக்கும் ஆலை, பதினாறு வருடம். எழுதியாயிற்றா? நல்ல கையெழுத்து. மீதிக்கு அவசரமில்லை. விஷயம் தெரிந்து எழுதுங்கள். விஷயம் தெரியாமல் எழுதுகிறவர்களால்தான் இந்த நாடு இப்படி இருக்கிறது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். நாலு பக்கம், எட்டு பக்கம், பன்னிரண்டு பக்கம். ஆனால் ஈயத்தைப் பற்றி இந்த ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஈயம் உடம்புக்குள் எப்படிக் குடியேறுகிறது தெரியுமா? சுண்ணாம்புச் சத்து மாதிரியே உள்ளே நுழையும். உடம்பு ஏமாந்துபோய் அதை எலும்பில் கொண்டுபோய் வைத்துக் கட்டிவிடும். ரத்தத்தில் இருப்பது ஒரு மாதம், இரண்டு மாதத்தில் சிறுநீரில் போய்விடும். எலும்பில் உட்கார்ந்தது இருபது வருடம், முப்பது வருடம் இருக்கும். சாப்பாட்டில் சுண்ணாம்பும் இரும்பும் குறைந்தவன் உடம்பில் இன்னும் வேகமாக ஏறும். அதாவது ஏழை உடம்பில் ஏறும். இதை நான் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே அச்சடித்துக் கொடுத்தவன். அப்போது கம்பெனி என்ன செய்தது? ஷிப்ட் முடியும்போது ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம். வெல்லம் தின்றால் ஈயம் போய்விடுமாம்! சங்கத் தலைவன் நான், கேட் மீட்டிங்கில் அந்த உருண்டையைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன்: "தோழர்களே, இது மருந்தா, எறும்புக்கு வைக்கிற பொறியா?" சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

இருங்கள், அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன். இல்லை, அது வேறு பெண்.

என் மகள் ஆலைக்குள் காலே வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐந்தாம் மாதம் சோகையும் வயிற்று வலியும் விடவே இல்லை என்று ரத்தம் எடுத்தார்கள். ஈயம் பதினெட்டு. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. வயிற்றில் குழந்தை. அந்தக் குழந்தையின் மூளைக்கு ஆகாது தம்பி, அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன், நீங்களும் பிள்ளைக்குக் காத்திருக்கிறவர்.

கேட்டவுடனே நான் சொல்லிவிட்டேன், ஆலைப் புகை என்று. டாக்டரம்மா சின்னப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, அந்த ஆலை மூடி பத்தொன்பது வருஷம் ஆகுது. உங்க பொண்ணு வாழற வீடு அங்கேருந்து பதினொரு கிலோமீட்டர். அதே தெருவுல இன்னும் ரெண்டு கர்ப்பிணிங்களப் பார்த்தாச்சு, அவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார். பத்தொன்பது வருடமாக மூடிக் கிடக்கிற ஆலைக்கு இவர் வக்கீல்.

சரி, புகை இல்லையென்றால் வேறு எங்கிருந்து? யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரம் ஆகாது. சம்பந்தி அம்மாள் வடிவாம்பாள். கல்யாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லையென்று செம்மலருக்கு ஏதோ ஒரு செந்தூரம் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். சிவப்புப் பொடி. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நேராக அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"என் பொண்ணுக்கு விஷம் வெச்ச மகராசி, வெளிய வாங்க!"

அந்தம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றது. "அண்ணே, தெருவுல நின்னு கத்தாதீங்க. உள்ள வாங்க, டப்பாவையே தரேன், கொண்டுபோய்ப் பாருங்க."

"தருவீங்க, தருவீங்க. டப்பாவ மாத்தித் தருவீங்க."

"நான் எதுக்குண்ணே மாத்தணும்? என் பேரப்புள்ளதானே அது?"

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று முதலாளிகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே நோட்டீஸ் போட்டேன். 'பொதுமக்களே உஷார்! மருமகள்களின் உயிரோடு விளையாடும் மருந்து!' பெயர் போடவில்லை. போடாமலே தெரியும்படி எழுதத் தெரியும் எனக்கு. அந்தத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். செம்மலரை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மாப்பிள்ளை நல்ல பையன். போன் மட்டும் செய்வான், அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

டாக்டரம்மா வடிவாம்பாளிடமே அந்த டப்பாவை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. செந்தூரத்தில் ஈயம் இல்லை.

இல்லை. அவ்வளவுதான். இல்லையென்றால் இல்லை. நான் என்ன செய்ய? நாற்பது வருடத்தில் மறுப்பு நோட்டீஸ் என்று ஒன்று நான் போட்டதே கிடையாது.

பிறகு அவளை இங்கே வார்டில் சேர்த்துப் பார்த்தார்கள். என் வீட்டுத் தண்ணீர் இல்லை, அவர்கள் வீட்டுச் சாப்பாடு இல்லை. பன்னிரண்டு நாள். பதினெட்டு பத்தொன்பது ஆயிற்றே தவிர இறங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துப் போடுகிற மருந்து இருக்கிறது தம்பி, எனக்கே ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மருந்துக்காக ஆலை வாசலில் ஆறு நாள் உண்ணாவிரதம் இருந்தவன் நான். என் மகளுக்கு ஏன் போடவில்லை? டாக்டரம்மா அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தனி ஆள் தர்ணா. ஆயாம்மா துடைப்பத்தோடு வந்து, "பெருசு, காலைத் தூக்கு, பெனாயில் ஊத்தணும்" என்றாள். தூக்கினேன். உட்கார்ந்தே இருந்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, என் எதிரில் தரையில் குந்தி உட்கார்ந்தார். அது எனக்குப் பிடித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"ஐயா, இந்த அளவுக்கு அந்த மருந்து போடமாட்டாங்க. அதுவும் வயித்துல புள்ள இருக்கறப்ப. அது ஈயத்த மட்டும் தேடிப் பிடிக்காது. துத்தநாகம் மாதிரி வேண்டிய சத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும். புள்ளைக்கு அது வேணும்ல?"

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"அது எங்கேருந்து வருதுன்னு தெரியணும். இப்ப வெளியேருந்து வருதுன்னா அந்த எடத்தக் கண்டுபிடிச்சு நிறுத்தணும். தெரியறவரைக்கும் இவங்கள எந்த வீட்டுக்கும் அனுப்பமாட்டேன், பொறக்கப்போற புள்ளயையும் அனுப்பமாட்டேன். ஆனா எனக்கு வேற சந்தேகம். வார்டுலயும் எறங்கலன்னா இது பழசு. சின்ன வயசுல எலும்புல தங்கினது. இப்ப புள்ளைக்கு எலும்பு கட்டணும்னு அம்மா எலும்பு கரையுது. கால்சியம் எறங்கறப்ப ஈயமும் கூட எறங்குது. அப்படின்னா கால்சியமும் இரும்பும் கணக்கா குடுத்து, எலும்பு கரையறதக் கொறைக்கலாம். வீட்டுக்கும் அனுப்பலாம். சொல்லுங்க, சின்னப் புள்ளையா இருந்தப்ப உங்க வீட்டுக்குள்ள ஈயம் வந்துச்சா?"

வரவில்லை என்று சொன்னேன்.

தம்பி, எழுதாதீர்கள். இன்னும் நான் முடிக்கவில்லை.

அந்த ஆலையில் குளியலறை கிடையாது. போராடி, இன்ஸ்பெக்டரை வரவழைத்துக் கட்ட வைத்தோம். பத்துக் குழாய், தனியாக உடை மாற்றும் இடம். கட்டிவிட்டு மேனேஜர் ஒரு தந்திரம் செய்தான். சங்கு ஊதின பிறகு உங்கள் சொந்த நேரத்தில் குளித்துக்கொள்ளுங்கள் என்றான். சங்கு ஊதிப் பத்தாவது நிமிடம் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். பத்துக் குழாயில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பத்து நிமிடத்தில் எப்படிக் குளிப்பது? குளித்தால் ஆறு கிலோமீட்டர் நடை. அதனால்தான் கோரிக்கை: வேலை நேரத்துக்குள் குளிக்கப் பதினைந்து நிமிடம். வெறும் பதினைந்து நிமிடம்!

தரமாட்டேன் என்றான். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைதான், வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. "வீடு போய்ச் சேரும்வரை குளிக்கவே மாட்டோம். காக்கியை மாற்றவும் மாட்டோம். உதறவும் மாட்டோம். உடம்பெல்லாம் ஈயத் தூசியோடு கடைத்தெரு வழியாக ஊர்வலமாக நடந்து வீட்டுக்குப் போவோம். கம்பெனி அழுக்கை ஊர் பார்க்கட்டும்!"

நீங்கள் பார்த்திருக்க வேண்டும் தம்பி. நூற்றுப் பன்னிரண்டு பேர். முகம், முடி, இமை எல்லாம் சாம்பல். சிலைகள் நடந்து வருகிற மாதிரி. டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பேப்பரில் படம் வந்தது, முன்னால் நிற்பது நான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. எட்டு மாதம்! எட்டாம் மாதம் மேனேஜர் கையெழுத்துப் போட்டான். என் வாழ்க்கையில் கூலி உயர்வு, போனஸ் எல்லாவற்றிலும் பாதி வாங்கிப் பாதி விட்டிருக்கிறேன். முழுசாக ஜெயித்தது இது ஒன்றுதான். கேட்டதைக் கேட்டபடி வாங்கினது.

ஒரே ஒரு கருங்காலி. காசிலிங்கம். ஊர்வலம் கலைந்ததும் வயல் பம்ப்செட்டில் திருட்டுத்தனமாகக் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். கேட் மீட்டிங்கில் அவனை நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்யா, ஊரே அழுக்கா நிக்குது, உனக்கு மட்டும் என்னய்யா சோப்பு?"

"தோழர், எம்புள்ள தவழுது. நான் போனதும் மேல ஏறுது. சட்டையைக் கடிக்குது."

"உனக்கு மட்டுந்தான் புள்ளையா? என் வீட்ல இல்லையா?"

"உங்க வீட்லயும் இருக்குங்களே தோழர். அதனாலதான் சொல்றேன்."

எவ்வளவு திமிர் பாருங்கள். சங்கத்திலிருந்து நீக்கினேன். அன்றைக்கு அவனுக்காக ஒருவனும் கை தூக்கவில்லை. இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன். கட்டுப்பாடு என்று ஒன்று இல்லாமல் எப்படிப் போராடுவது?

என் வீட்டுக்காரி குணவதியும் முணுமுணுத்தாள். "வாசல்லயே உதறிட்டு வாயேன்யா. தொவைக்கிற தண்ணி ஏழு அலசுக்கும் கறுப்பாப் போவுது. எனக்கு வாயெல்லாம் இரும்பக் கடிச்ச மாதிரி இருக்கு." தூசி நம்முடைய சாட்சியம், அதை உதறக் கூடாது என்று அவளுக்கு வர்க்கப் பார்வையோடு விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். நல்லவள். போய் நாலு வருடம் ஆகிறது. சிறுநீரகம். ஊறுகாய் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது அவளுக்கு. உப்பைக் குறை, உப்பைக் குறை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

மணி என்ன? பத்தே முக்காலா? இருங்கள். இந்தப் பக்கம் இரண்டு நடை நடந்துவிட்டு வருகிறேன்.

...செம்மலருக்கு அப்போது நாலு வயது. நான் வருகிற சத்தம் கேட்டால் ஓடி வருவாள். அந்த எட்டு மாதமும் அவளுக்குத் திருவிழா. என் சட்டை பூராவும் தூசி அல்லவா, நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் என் நெஞ்சில் விரலால் கோடு போடுவாள். விரல் பட்ட இடம் காக்கி, மற்றதெல்லாம் சாம்பல். சிலேட்டு மாதிரி. அதில்தான் நான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். 'அ' போட்டாள். 'ஆ' போட்டாள். தப்பாகப் போட்டால் உள்ளங்கையால் தட்டி அழிப்பாள், தூசி பறக்கும், தும்முவாள், சிரிப்பாள். எச்சில் தொட்டு அழிப்பாள். எழுத்துக்கு எழுத்து விரல் வாய்க்குப் போகும். விரல் சூப்புகிற பழக்கம் அவளுக்கு. உயிரெழுத்து பன்னிரண்டும் என் நெஞ்சிலேயே படித்தாள் தம்பி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் கேட்டாள், யார் இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தது என்று.

என்ன பார்க்கிறீர்கள்?

எனக்குத் தெரியாதா? நான் எழுதிய பிரசுரத்திலேயே இருக்கிறது, 'குழந்தைகள் உடம்பில் பெரியவர்களைவிடப் பல மடங்கு ஏறும்' என்று. ஏழாம் பக்கம். நானே எழுத்துக் கூட்டிப் பிழை திருத்தின பக்கம். அது எனக்குத் தெரியும். ஆனால் அது ஆலையைப் பற்றி எழுதியது தம்பி. என் வீட்டைப் பற்றி எழுதியது இல்லை.

மூன்று ராத்திரியாக இந்தப் படிவம் என் தலைமாட்டில் இருந்தது. 'எட்டு மாதம்' என்று எழுதிவிட்டால் அது என்ன ஆகும் சொல்லுங்கள். நான் ஜெயித்தது அது ஒன்றுதான். எழுதாமல் விட்டால் இவள் இந்த வார்டிலேயே கிடப்பாள், பிள்ளையைப் பெற்று, எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு.

எழுதுங்கள். வேலை உடையுடன் வீட்டுக்கு வந்ததுண்டா, உண்டு. எவ்வளவு காலம், எட்டு மாதம். அதற்கு முன்னாலும் குளியலறை இல்லாத வருடங்கள் உண்டு, ஆனால் அப்போது வாசலில் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவேன், தொட்டியில் கை கால் கழுவுவேன். வாரிக்கொண்டு வந்தது அந்த எட்டு மாதம்தான். பக்கத்தில் 'நிர்வாகம் பதினைந்து நிமிடம் தர மறுத்ததால்' என்று சேர்த்து எழுதுங்கள். இடம் இல்லையா? சின்னதாக எழுதுங்களேன். கட்டம் அவ்வளவுதானா. சரி. காரணம் கேட்கிற கட்டம் எந்தப் படிவத்தில் இருந்திருக்கிறது? எட்டு மாதம் மட்டும் இருக்கட்டும்.

இதோ வருகிறாள். வாம்மா, பஞ்ச அழுத்திப் புடி, எடுத்துடாத. இந்தத் தம்பிதான் எழுதிக் குடுத்தாரு. படிச்சுப் பாரு.

ஆமாம்மா. எட்டுதான்.

இல்ல, அப்ப நீ பள்ளிக்கூடம் சேரல. நாலு வயசு.

தெரியும்மா. கொஞ்ச நாளாத் தெரியும்.

உங்க அத்தைக்கா? சொல்லிடறேன். இன்னிக்கே பிரஸ்ஸுக்குப் போறேன், மறுப்பு நோட்டீஸ் போட்டு அந்தத் தெருவுல வீடு வீடா... என்ன? நோட்டீஸ் வேணாமா? அப்புறம் எப்படி? ...சரிம்மா. சரி. நீ உள்ள போ, கூப்பிடறாங்க. நான் இங்கயேதான் இருக்கேன்.

கேட்டீர்களா தம்பி? நோட்டீஸ் வேண்டாமாம். 'அச்சடிக்காத, வாயால சொல்லு' என்கிறாள். நோட்டீஸ் கொடுத்த அத்தனை வீட்டுக்கும் போய், வாயால். வடிவாம்பாள் வீட்டுக்கு முதலில். போகிறேன். போய்த்தான் ஆக வேண்டும். அதிகம் போனால் இருபது வீடு இருக்குமா அந்தத் தெருவில்? ஒரு காலையில் முடித்துவிடலாம்.

ஆனால் தம்பி, அந்த ஊர்வலத்தில் நான் மட்டுமா போனேன்?

நூற்றுப் பன்னிரண்டு பேர். தினமும் கேட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தனையும் தொட்டுப் பார்த்து, குளிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினவன் நான். இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். அப்பாதுரை, இரண்டு பெண். ஏகாம்பரம், மூன்று பெண். சையத் பாஷா, ஒரு பையன், ஒரு பெண். முருகையன், இரண்டு பெண். ஒருத்தி அப்போதுதான் பிறந்திருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது ஏறக்குறைய இவள் வயதுதான் இருக்கும். ஒருத்தரும் இந்த மாதிரி ரத்தத்தில் ஈயம் பார்த்திருக்கமாட்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள்? ஏகாம்பரத்தின் கடைசிப் பெண் கனல்மொழிக்குப் போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பத்திரிகை வந்தது. இங்கே அலைந்துகொண்டிருந்ததால் போகவில்லை.

வளைகாப்பு முடிந்து அவளைத் தாய் வீட்டுக்கு, அரக்கோணத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள். தம்பி, இங்கிருந்து அரக்கோணத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?